அடுத்த வருஷம் காரில் யார் பாட்டு

எங்கள் வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான். ஆனால் காரில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்பதில் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு போட்டி நடக்கும். அந்த வருஷம் வந்ததிலேயே தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டையும் ஒரு காமெடியையும் ஆளாளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஜெயிக்கிறவர் பாட்டுதான் அடுத்த வருஷம் முழுக்கக் காரில் ஓடும். நடுவர் என் மாமனார், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். பாட்டுக்குத் தலையாட்ட மாட்டார், காமெடிக்குச் சிரிக்க மாட்டார். அதனால் ஓரவஞ்சனைக்கு இடமில்லை என்று அவரை உட்கார வைத்திருக்கிறோம்.

போன தடவை ஜெயித்தவர் என் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊர்க்காரர்களுக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணி அனுப்புகிற மனுஷன், டிரைவிங் டெஸ்டில் எதிரே நின்ற சுவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பிடித்ததெல்லாம் சோகப் பாட்டு. மழை பெய்யும், காதலி போய்விடுவாள், பாடுகிறவன் நனைவான். கேட்டுக் கேட்டு ஒருநாள் சுள்ளென்று அடிக்கிற வெயிலில் நான் வைப்பரைப் போட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு. நாலு பெண்கள் சேர்ந்து பாடியது. அர்த்தம் என்று மருந்துக்கும் கிடையாது. நடுவில் ஒருத்தி விசிலடிப்பாள். ஆஸ்பத்திரி லேபில் நாளெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு வருகிற எனக்கு அந்த விசிலைக் கேட்டால்தான் அலுப்பு இறங்கும். இந்தத் தடவை எப்பாடு பட்டாவது ஜெயித்துவிட வேண்டும் என்று மாசக்கணக்கில் காமெடி தேடினேன்.

முதலில் என் நாத்தனார். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவள். அவள் போட்ட பாட்டுக்கு ஜன்னல் கதவு அதிர்ந்தது, மாமனார் அதிரவில்லை. அவளுடைய காமெடியில் ஒருவன் மெத்தையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போய் அதிலேயே தூங்கிவிடுகிறான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமனார் பாஸ்போர்ட் போட்டோவில் இருப்பதுபோல் இருந்தார்.

"கடைக்காரன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது நான். விசில் வந்த இடத்தில் மாமனாரின் கால் விரல் ஒன்று அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். கொசு கடித்தது என்று சாதித்துவிட்டார். என் காமெடியில் இரண்டு சகலைகள் ஒரே சோபாவை மாடிக்கு ஏற்றுகிறார்கள். அதற்கும் அசையவில்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். வழக்கமான மழைப் பாட்டு ஒன்று ஓடி முடிந்தது. "காமெடி மட்டும் நம்ம வீட்டுத் தயாரிப்பு" என்று செல்போனை ஸ்பீக்கரில் இணைத்தார்.

ஒரு ஹாரன் சத்தம். பிறகு என் குரல்.

"இடது பக்கம் விளக்கப் போட்டுட்டு வலது பக்கம் போறியே, உனக்கும் உன் விளக்குக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பாவி மனுஷன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருஷம் பூராவும் ரெக்கார்டு பண்ணியிருக்கிறார்.

"வண்டிய நிறுத்தச் சொன்னா பாய் விரிச்சுப் படுத்திருக்கான் பாரு. யோவ் பெரியவரே, ரோட்டக் கடக்குறீங்களா, இல்ல அளக்குறீங்களா?"

நாத்தனார் தரையில் புரண்டாள். "அண்ணி, இத்தன நாளா இத எங்க வெச்சிருந்தீங்க?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. மாமனார் இல்லாத நாள்களில் காரில் நான் பேசியதும் இதில் இருக்குமே. பாய்ந்து செல்போனைப் பிடுங்கப் போனேன். அதற்குள் வந்துவிட்டது.

"உங்கப்பா சீட் பெல்ட் போடுறதுக்குள்ள சிக்னல் போட்டவனே ரிட்டயர் ஆயிடுவான். அதுலயும் அவர் மாட்டுற பெல்ட்டு பக்கத்து சீட்டோடது."

நாத்தனார் புரள்வதை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தாள். மாமனாரின் தோள் மெல்லக் குலுங்கியது. தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. நெஞ்சு வலியோ என்று ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வெட்கத்தில் எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"காமெடி இதுதான். பாட்டு ஒண்ணும் தேறல. அடுத்த வருஷம் கார்ல பாட்டே வேணாம், இவ பேசட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமனார்.

"மாமா, இதுல பேசினது நான். அப்போ ஜெயிச்சதும் நான்தானே? என் பாட்டுதானே ஓடணும்?"

"தீர்ப்பு சொல்லியாச்சும்மா."

புது வருஷத்தின் முதல் வேலை நாள். தினமும் பைக்கில் போகிற நாத்தனார்கூட அன்றைக்குக் காரில் ஏறிக்கொண்டாள், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். மாமனார் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டி முடித்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே ஒரு வேன் குறுக்கே பாய்ந்தது. பின்சீட்டில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

"போங்கண்ணா, நீங்க முதல்ல போங்க. எனக்கென்ன அவசரம்" என்றேன் சிரித்த முகமாக.

வழி நெடுக இப்படியே வந்தேன். ஹாரன் அடித்தவனுக்கு நன்றி சொன்னேன். நடுரோட்டில் நின்று போன் பேசியவரிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தேன். பிஸ்கட் பாதியிலேயே நின்றுபோனது.

"சின்னக் குழந்தைக்கு ஊசி போடப் போற மாதிரி பேசுறா. கேக்கவே பயமா இருக்கு" என்று மாமனார் புலம்பினார். "எம்மா, உன் பாட்டையே போட்டுத் தொலைம்மா."

ஜெயித்துவிட்டேன். வருஷம் முழுக்க என் பாட்டு. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாத்தனார் தலையை ஆட்டினாள். வீட்டுக்காரர் மடியில் தாளம் போட்டார். விசில் வருகிற நேரமாகப் பார்த்து அதே வேன், பெட்ரோல் பங்க் வாசலில் நுழைவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி ரோட்டிலுமாக நின்றது.

என் வாயில் ஒரு வார்த்தை வந்தது. சாதாரண வார்த்தை இல்லை. போன வருஷம் பேசியதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற வார்த்தை. சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. மாமனார் பாட்டுக்குக் கால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டை நானே அணைத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.