வாய் திறக்காத மூன்றாவது செட்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இலங்கை அணியோடு பயிற்சி ஆட்டம். ஐந்தரைக்குப் பெயர்ப் பட்டியல். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் ஷாமளா மூன்று வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசியப் பெண்கள் கைப்பந்துப் போட்டிக்கு மலேசிய அணி தம்போய் உள்ளரங்கில் பயிற்சி முகாம் போட்டிருந்தது. முகாமில் பதினாறு பேர். விமானம் ஏறப்போவது பதினான்கு பேர். பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து அடிக்கும் ஐந்து பேரில் இன்னொருத்தி நிற்க வேண்டும். ஷாமளா செட்டர். வயது இருபத்தாறு. போன தடவை பட்டியலுக்கு நான்கு நாள் இருக்கும்போது மோதிர விரல் முறிந்து சொந்த ஊரான செடெனாக்குக்கே திரும்பிப் போனவள். அடுத்த தடவை வரும்போது இருபத்தெட்டு ஆகிவிடும், தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா பிரேமலா அதையெல்லாம் யோசிக்கவில்லை. மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, பூசாரியிடம் நாளும் கேட்டு வைத்துவிட்டாள்.

ஓரத்தில் அடிக்கும் ஐந்து பேரில் ஐலீனும் ஒருத்தி. தம்போய்ப் பெண், வயது இருபது. அரங்கத்திலிருந்து வீடு பத்து நிமிஷ நடை என்பதால் அவளுடைய அப்பா லூயிஸ் எல்லாப் பயிற்சி ஆட்டத்துக்கும் வந்து, மேல் வரிசையில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருப்பார். முகாமில் தமிழ் பேசுகிறவர்கள் ஷாமளா, ஐலீன் இருவர் மட்டுமே.

அதுதான் வினையாகப் போயிற்று.

பந்தை உயர்த்திக் கொடுத்த கையோடு செட்டர் எதிர்ப்பக்கத் தடுப்பைப் பார்த்து, அடிக்கிறவளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். கோட்டோரம் திறந்திருந்தால் ஒரு சொல், குறுக்கே திறந்திருந்தால் ஒரு சொல், முன்னால் காலியாக இருந்தால் ஒரு சொல். முகாமில் அதை மலாயில்தான் சொல்வார்கள். முதல் வாரம் ஓர் இந்தோனேசிய அணி வந்து ஆடியபோது அவர்களுக்கு அத்தனையும் புரிந்துவிட்டது. இரண்டாவது செட்டில் ஷாமளாவின் வாயில் தானாகவே தமிழ் வந்தது. நேரா, குறுக்க, தட்டு. மூன்றே சொல். ஐலீன் வரிசையாக ஆறு பந்தை இறக்கினாள். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது.

பயிற்சியாளர் ஹஸ்னாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் விளங்குகிற பேச்சு கோர்ட்டில் வேண்டாம், மற்ற நாலு பேரும் பந்து எங்கே போகிறது என்று தெரியாமல் நிற்கிறார்கள் என்று கூப்பிட்டுச் சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள். ஆட்டம் சூடுபிடித்தால் மறுபடி தமிழ்தான். இரைச்சலில் கோச்சுக்குக் கேட்கவா போகிறது என்று ஒரு தைரியம்.

இலங்கை அணி வருகிறது என்றதும் ஐலீனுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அக்கா, அவங்கள்ல யாருக்காச்சும் தமிழ் தெரிஞ்சிருந்தா?"

ஷாமளா எதையும் சோதிக்காமல் விடுகிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் இலங்கைப் பெண்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது பின்னால் போய் நின்றாள். எல்லாரும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஐலீனிடம் பேசுவதுபோல, சாதாரணக் குரலில், "முன்னாடி நிக்கிற புள்ள கால்கிட்ட பாம்பு போகுது பாரு" என்றாள். ஒருத்தியும் காலைத் தூக்கவில்லை. ஒருத்தியும் திரும்பவில்லை. ஐலீன் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

வரிசையில் பதின்மூன்று பேர்தான் நின்றார்கள். ஷாமளா எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் செட் தொடங்கிப் பத்துப் புள்ளி வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஐலீன் அடிப்பதெல்லாம் திரும்பி வந்தது. எதிரணியின் லிபெரோ, பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பதற்கென்றே வேறு நிறச் சட்டை போட்டிருப்பவள், எங்கே பந்து விழப்போகிறதோ அங்கே முன்கூட்டியே நின்றாள். மஞ்சள் சட்டை, வலது கணுக்காலில் தடித்த கட்டு. ஐலீன் கோட்டோரம் அடித்தால் அவள் கோட்டோரம். மெல்லத் தட்டிவிட்டால் மஞ்சள் சட்டை முன்னால் பாய்ந்து கிடந்தது. இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கென்று என்ன வந்தது, அடிக்கும் முன்பே தோளில் காட்டிக்கொடுக்கிறாளா என்று அவள் ஐலீனையே பார்த்தாள். ஐலீனும் தன் தோளையே பார்த்தாள். இருபத்தொன்றுக்கு இருபத்தைந்து என்று செட் போனது.

இரண்டாவது செட்டில் நான்காவது புள்ளியிலேயே ஹஸ்னா ஐலீனை வெளியே எடுத்துவிட்டார். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார். ஐலீன் துவாலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள். மேலே லூயிஸ் போத்தலின் மூடியைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

அவளுக்குப் பதிலாக வந்தவள் மலாய்ப் பெண். ஆகவே ஷாமளா மலாயில் சொன்னாள். முதல் பந்து கோட்டோரம் விழுந்தது. மஞ்சள் சட்டை நடுவிலேயே நின்றது. இரண்டாவது பந்தை அவள் மெல்லத் தட்டிவிட்டாள். மஞ்சள் சட்டை அசையவே இல்லை. மூன்றாவது பந்தும் இறங்கியபோது ஷாமளா திரும்பி மஞ்சள் சட்டையையே பார்த்தாள்.

அடுத்த சர்வீஸுக்கு முன்னால் பந்து உருண்டு லிபெரோவின் காலடிக்குப் போனது. ஷாமளா வலையருகே நின்று, நடுவரைப் பார்த்தபடியே, தணிந்த குரலில் தமிழில் சொன்னாள். "பந்தை வலைக்கு அடியில உருட்டி விடு."

மஞ்சள் சட்டைக்காரி குனிந்து பந்தை வலைக்கு அடியில் உருட்டி விட்டாள். உருட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா," என்றாள். "நேற்று சாப்பிட வந்திருந்தா தமிழ் தெரியுமெண்டு சொல்லியிருப்பன், அறையில காலுக்கு ஐஸ் வச்சுக்கொண்டு இருந்தனான்."

அந்தச் செட்டை இருபத்தைந்துக்குப் பதினெட்டில் மலேசியா எடுத்தது. ஷாமளா கொடுத்த பந்துகள் அத்தனையும் அளவாகப் போய் உட்கார்ந்தன. கோர்ட்டை விட்டு வரும்போது ஹஸ்னா அவளைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். மூன்று வாரத்தில் முதல் தலையசைப்பு.

மூன்றாவது செட்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஷாமளா தண்ணீர் குடிக்கும் சாக்கில் தள்ளி நின்று கணக்குப் போட்டாள். பேசாமல் இருந்தால் தன் பெயர் வந்துவிடும். ஐலீன் பெயர் வராது. ஏன் வரவில்லை என்று ஐலீனுக்கே கடைசிவரை தெரியாது. தோள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருப்பாள். பேசினால், கோச் வேண்டாம் என்று சொன்னதை இரண்டு வாரமாக மீறியது வெளியே வரும். போன தடவை விரல் முறிந்தது. இந்தத் தடவை தானே போய்ச் சொல்லி முறித்துக்கொள்வதா? போகும்போதும் அவளுக்கு முடிவு தெரியாது. ஹஸ்னா முன் போய் நின்ற பிறகு வாய் திறந்துவிட்டது.

நடந்ததை மலாயில், முதலிலிருந்து, வரிசையாகச் சொன்னாள். பாம்பைக்கூட விடவில்லை.

"எத்தனை பந்து?" என்று ஹஸ்னா கேட்டார்.

"ஒன்பது."

"இதுல ஐலீன் தப்பு எத்தனை?"

"ரெண்டு. ஏழு என்னோடது."

ஹஸ்னா தாளில் எழுதியிருந்ததன் மேல் ஒரு கோடு இழுத்தார். எல்லாரையும் கூப்பிட்டு, எதிர்ப்பக்க லிபெரோவுக்குத் தமிழ் தெரியும், இதுவரை அவளுக்கு நம் ஆளே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று உணர்ச்சியில்லாத குரலில் சொன்னார். யாரோ மெல்ல "அலமாக்" என்று மலாயில் அங்கலாய்த்தார்கள். ஐலீன் உள்ளே போக வேண்டும். ஷாமளாவும் போக வேண்டும். ஆனால் செட் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

ஐலீன் துவாலையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. கோபப்படுவாள் என்று ஷாமளா காத்திருந்தாள். அவள் கேட்டது வேறு.

"அப்ப நான் மோசமா ஆடலயாக்கா?"

"இல்லடி."

"அது போதும்லா," என்று சொல்லிவிட்டு ஐலீன் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பதினைந்து புள்ளி செட். வாயைத் திறக்காமல் செட்டர் ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பதுபோல் இருந்தது. விரலால் காட்டினாள், புருவத்தால் காட்டினாள். முதல் பந்தை ஐலீன் வெளியே அடித்தாள். பழக்கத்தில் அவள் காது சொல்லுக்காகக் காத்திருந்தது. இரண்டாவது பந்தைத் தடுப்பில் கொடுத்தாள். ஷாமளா கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது பந்துக்கு ஐலீன் தானே நிமிர்ந்து பார்த்தாள். கைகளுக்கு நடுவே இடம் இருந்தது. அடித்தாள். விழுந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் பார்த்தாள். மஞ்சள் சட்டைக்காரி சொல் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில் அரை அடி பிந்தினாள்.

பதினான்குக்குப் பதின்மூன்று, இன்னும் ஒரு புள்ளி போதும். பந்து பின்னாலிருந்து மோசமாக வந்தது. ஷாமளா ஓடிப்போய்க் கீழேயிருந்து எடுத்து ஓரத்துக்கு அனுப்பினாள். எதிரே இரண்டு பேர் சுவர்போல் எழும்பினார்கள். முன்னால் முழுக்கக் காலி. எத்தனை வருஷப் பழக்கம், பல்லுக்குள் நிற்குமா?

"தட்டு!"

மஞ்சள் சட்டை முன்னால் பாய்ந்தது. அதே நொடியில் ஐலீன் முழுத் தோளையும் சுற்றி, தடுத்தவளின் விரல் நுனிக்கு மேலாகப் பின்கோட்டுக்கு அடித்தாள். பந்து விழுந்த இடத்தில் ஆளே இல்லை.

எல்லாரும் ஷாமளாவைத்தான் வந்து கட்டிக்கொண்டார்கள். என்ன தந்திரம், என்ன மூளை என்றார்கள். வலைக்கு அடியில் கை கொடுக்கும்போது மஞ்சள் சட்டைக்காரியும் சிரித்தாள். தன் பெயர் தர்சிகா, ஊர் வவுனியா என்றாள்.

"கடைசிப் பந்துக்கு நல்லா ஏமாத்திப்போட்டீங்கள், அக்கா. போட்டியில சந்திப்பம், என்ன?"

"பேர் வந்தா சந்திப்போம்," என்றாள் ஷாமளா.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு ஹஸ்னா இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். கடைசிப் பந்து திட்டமிட்டுச் செய்ததா என்று கேட்டார். அவர் முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். இரண்டு வாரத் தப்பையும் அது மூடிவிடும்.

"இல்லை, கோச். வாய் தவறி வந்தது. முன்னால காலியா இருந்துச்சு, நிஜமாவே தட்டத்தான் சொன்னேன்."

ஹஸ்னா ஐலீனைப் பார்த்தார். அக்கா ஏமாற்றுகிறாள் என்று தான் நினைத்ததாகவும், அதனால்தான் இழுத்து அடித்ததாகவும் ஐலீன் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஹஸ்னாவின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போனார்.

ஐந்தரைக்குப் பட்டியல் வாசிக்கப்பட்டது. ஐலீன் ஒன்பதாவது பெயர். மேல் வரிசையில் லூயிஸ் எழுந்து நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்தார். பதின்மூன்று, பதினான்கு. ஷாமளாவின் பெயர் இல்லை. தாளை மடிக்கப்போன ஹஸ்னா நிமிர்ந்தார். பதினைந்தாவது, காத்திருப்புப் பட்டியலில், ஷாமளா. கடவுச்சீட்டைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், கிளம்பும் நாள்வரை எல்லாப் பயிற்சிக்கும் வர வேண்டும், வாயையும் கொண்டு வரலாம், ஆனால் மலாயில் என்றார்.

ஐலீன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கை ஷாமளாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் போன் அடித்தது. அம்மா பிரேமலா குலாயில் உள்ள தொழிற்சாலையின் பஸ்ஸில் ஏறியிருந்தாள்; பின்னால் ஆட்களின் பேச்சுச் சத்தம்.

"என்னாச்சு, சொல்லு."

"பதினஞ்சாவதும்மா."

"எத்தன பேரு போறாங்க?"

"பதினாலு."

"அப்ப நீ உள்ளயா, வெளியவா?"

"வாசல்ல நிக்கிறேன்மா. யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் போவேன்."

"ஐயோ, அப்படி யாருக்கும் எதுவும் ஆவக்கூடாதுடி." சொல்லிவிட்டு அவளே தடுமாறினாள். மகளுக்காக வேண்டுவதா, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காக வேண்டுவதா என்று பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தெரியவில்லை. "பால்குடத்துக்கு நாள் சொல்லிட்டேனே. இப்ப என்ன பண்றது? பூசாரிகிட்ட வேணாம்னு சொல்லவா?"

ஷாமளா திரும்பி அரங்கத்தைப் பார்த்தாள். இலங்கைப் பெண்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். படியில் கட்டுப்போட்ட காலை வைக்கச் சிரமப்பட்ட ஒருத்தி இவளைக் கண்டு கையை உயர்த்திக் காட்டினாள். ஷாமளாவும் கையை உயர்த்தினாள்.

"வேணாம்னு சொல்லாதீங்கம்மா," என்றாள். "பதினெட்டாம் தேதிதான் கிளம்புறாங்க. அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."