மிதக்கத் தெரியாத வீராங்கனை

ஆனி முழுதும் பெய்த மழை ஓய்ந்து, வானம் கழுவிக் கவிழ்த்த கலம்போல் வெளுத்துக் கிடக்க, கடலை நோக்கி இறங்கும் மலையின் கற்படிகளில் கிச்சிலி என்னும் ஆரஞ்சு மரங்கள் பழுக்காத காய்களைச் சுமந்து நிற்க, அவற்றின் அடியில் வளைந்த குடாவில் மீன் வளர்க்கும் மிதவைகள் வரிசை கலையாமல் அசைய, இரை போடச் சென்ற படகுகள் ஒவ்வொன்றாய்த் துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலை நேரம். மினோகோஷி என்னும் எங்கள் ஊரில் அந்நேரத்துக் காற்றில் மீன்விழுது எண்ணெயில் பொரியும் மணமும் ஈரக் கயிற்றின் மணமும் எப்போதும் இருக்கும். கோடையில் மட்டும் தொடக்கப்பள்ளி நீச்சல்குளத்து நீரில் கலக்கும் மருந்தின் மணம் அவற்றோடு சேரும்.

அந்தக் குளம் பள்ளிக்கும் கடலுக்கும் இடையே, கூரையின்றி வெயிலைப் பார்த்துக் கிடப்பது. குளிர்காலமெல்லாம் தேங்கிய பாசிநீரில் தும்பிகள் முட்டையிட்டுப் போக, கோடை தொடங்குமுன் பிள்ளைகள் இறங்கி அவற்றின் குஞ்சுகளை வாளிகளில் அள்ளிக் காப்பாற்றிய பிறகே அது தேய்த்துக் கழுவப்பட்டுப் புதுநீர் ஏற்கும். அவ்வாறு நிறைந்திருந்த தெளிந்த நீரின் நடுவே, அன்று காலை, சட்டையும் முழுக்காற்சட்டையும் அணிந்த ஒரு பெண் மல்லாந்து படுக்க முயல்வதும், கால் முதலாக மூழ்குவதும், எழுந்து நின்று முகத்தைத் துடைப்பதும், மீண்டும் படுப்பதுமாக இருந்தாள். அவள் பெயர் ஹோரிகாவா சிகுசா. நம்புவது கடினம் எனினும், இந்நாட்டின் விரைந்த நீச்சல் மகளிருள் ஒருத்தியாகப் பல்லாண்டு எண்ணப்பட்டவள் அவள்தான்.

கிச்சிலித் தோட்டக்காரரின் மகளாகப் பிறந்து, இதே குளத்தில் நீந்தத் தொடங்கி, மாவட்டப் போட்டியில் அவளைக் கண்ட பயிற்றுநர் ஒருவரால் நகரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பல்கலைக்கழகத்துக்காகவும் அதன்பின் தாள் செய்யும் நிறுவனம் ஒன்றின் அணிக்காகவும் நீந்தியவள். அவளது தொடைகள் வலியவை. வலியவை ஆதலால் கனமானவை. உதைக்கும்வரை அவளை முன்னே தள்ளின, உதை நின்ற கணமே கீழே இழுத்தன. "உன் காலு இரும்பு. நின்னா முழுகிடும். அதனால நிக்காதே" என்பதே பயிற்றுநர் அவளுக்குச் சொல்லித்தந்த கல்வியின் சுருக்கம். அவள் நிற்கவில்லை. நாட்டுப் போட்டிகளில் வென்றாள். உலகப் போட்டி ஒன்றில் தொடர்நீச்சல் அணியோடு இறுதிச்சுற்று வரை சென்று, பதக்கமின்றித் திரும்பினாள். பிறகு தோள் தேய்ந்தது. கத்தி வைத்த தோள் முன்போல் சுழலவில்லை. நிறுவனம் மலர்க்கொத்து தந்து, அணியினர் அவளை மும்முறை வானில் தூக்கிப் போட்டுப் பிடித்து, அனைவரும் கைதட்டி விடை தந்தனர். மறுநாள் காலை விழித்தபோது, எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே ஊருக்கு வந்தாள்.

ஊர் மகிழ்ந்தது. மூன்று பள்ளிகளுக்கும் நீச்சல் ஆசிரியையாக அவளை அமர்த்த நகராட்சி இசைந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் போதும் என்றார் தலைமையாசிரியர். அவள் தலைகாட்டினாள், அங்கேதான் இவாமோதோ தோமோயே எழுந்தாள். சென்ற கோடையில் அவள் கணவன், குடாவை நீந்திக் கடப்பதில் இளமையிலேயே பேர் வாங்கியவன், மிதவையிலிருந்து தவறி விழுந்து, வெளியே இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்துக் கரைக்கு நீந்தி, கை ஓய்ந்து மாண்டவன். அதன்பின் தோமோயே தன் ஒரே மகளைக் குளத்தில் இறங்கவிடவில்லை.

"உங்க போட்டியெல்லாம் டிவில பாத்திருக்கேன், சிகுசா-சான். எங்க வீட்ல கைதட்டுன சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுச்சு. ஆனா எங்க பசங்களுக்கு வேகம் வேணாம். துணியோட தண்ணில விழுந்தா, படகு வர்ற வரைக்கும் மல்லாந்து படுத்துக் கிடக்கத் தெரியணும். உங்களுக்கு அது வருமா?"

தலைமையாசிரியர் சிரித்தார். "மீனுக்குத் தண்ணி பிடிக்குமான்னு கேக்கற மாதிரி இருக்கு."

"எங்க வீட்டுக்காரரையும் மீன்னுதான் சொன்னாங்க" என்றாள் தோமோயே. குரல் உயரவில்லை. "தேடிப் போன படகுக்கு முதல்ல கெடச்சது அவர் ஷூதான். நீந்த எடஞ்சலா இருக்குன்னு உதறிட்டாரு போல. ரெண்டும் மெதந்துக்கிட்டு இருந்துச்சாம். அவர்தான் மெதக்கல."

அவள் தலைமையாசிரியரை விட்டுச் சிகுசாவின் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமை எங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க. கை கால் ஆட்டாம. நான் போதும்னு சொல்ற வரைக்கும். முடிஞ்சா நீங்க இருங்க. முடியலன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லி நானே கையெழுத்து வாங்குவேன்."

சிகுசா எழுந்து குனிந்து வணங்கி ஒப்புக்கொண்டாள். படுத்துக் கிடப்பதில் என்ன கடினம் என்றே எண்ணினாள். மறுநாள் விடியலில் யாருமில்லாக் குளத்தில் படுத்துப் பார்த்தபோதுதான், நீரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தும் ஒருமுறைகூட அதன்மேல் சும்மா இருந்ததில்லை என்பது விளங்கிற்று.

அதன்பின் விடியல்தோறும் வந்தாள். வரும்போதெல்லாம் ஒன்றைத் தவறாமல் செய்தாள்: குளக்கரைக்கு வெளியே காலணிகளைக் கழற்றி, முனைகள் வாயிலை நோக்க இணையாக வைத்து, வெறுங்காலோடு விளிம்பில் நின்று நீரை வணங்கினாள். முதற்பாடமாய்க் கற்றது அது. நகரத்துப் பயிற்றுநர், ஒரு மாணவியின் தந்தை அறியாமல் காலணியோடு கரையேறிவிட்டார் என்பதற்காக, அணி முழுவதையும் மண்டியிட்டுக் கரையைத் தேய்க்கவைத்தவர். அந்த அணியில் சிகுசாவும் தேய்த்திருந்தாள்.

வியாழன் காலை, கண்டுவிட்டான் குனிஹிகோ. தொடக்கப்பள்ளியில் அவளோடு படித்தவன். இப்போது தீயணைப்பு நிலையத்தில் மீட்புப் பணியாளன், அங்கு வருவோர்க்கு மிதக்கவும் கற்றுத்தருபவன். மறுநாளைக்கு வேண்டிய கயிறும் கழியும் வைக்க வந்தவன்.

"கீழ என்ன தேடுற? மோதிரம் விழுந்துடுச்சா?"

"போ, குனி."

"நாடே பாத்த காலு. நங்கூரமாட்டம் எறங்குது."

"சிரிச்சு முடிச்சிட்டுக் கெளம்பு."

"இன்னும் முடியல." அவன் விளிம்பில் குந்தினான். "எத்தனை நாளா இந்தக் கூத்து? ஸ்டேஷனுக்கு வந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"வந்து என்னன்னு சொல்றது? எனக்கு மெதக்கத் தெரியலன்னா?"

"ஆமா. அதைச் சொல்லிட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. ஆறு வயசுல வர்றாங்க, நீ கொஞ்சம் லேட்டு."

அவள் தன்னையறியாமல் சிரித்தாள். மீண்டும் படுத்தாள். அவன் இம்முறை சிரிக்காமல் பார்த்தான்.

"மூச்சை ஏன் உடனே விடுற?"

"விடாம?"

"எங்க போகப் போற, இவ்ளோ அவசரமா? உள்ளயே வெச்சுக்க. விட்டா சட்டுனு திருப்பி எடு."

முகம் நீரைத் தொட்டதும் மூச்சை முழுதும் ஊதித் தள்ளுவது பந்தய நீச்சலின் பழக்கம். நெஞ்சில் காற்றை நிறுத்தியதும் அவள் மார்பு மேலெழுந்தது. கால்கள் எழவில்லை. அவன் வாயிற்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அந்த ஷூ யாரோடது?"

"என்னோடதுதான்."

"அது ஏன் அங்க இருக்கு?"

"பின்ன? குளத்துல ஷூவோடயா எறங்குவாங்க? உனக்கென்ன பைத்தியமா?"

"கடல்ல தவறி விழுறவன், கழட்டி ஜோடியா வெச்சுட்டா விழுவான்?" என்றான் குனிஹிகோ. "பசங்க எல்லாரும் கழுவுன ஷூவோடதான் எறங்குவாங்க. அடிப்பாகத்துல காத்து இருக்கு. காலைத் தூக்கிக் குடுக்கும். உன்கிட்ட யாரும் சொல்லலையா?"

சொல்லியிருந்தார்கள். 'ரெண்டும் மெதந்துக்கிட்டு இருந்துச்சாம்' என்ற தோமோயேயின் சொல் அப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது. அவள் கரையேறி வாயிலண்டை சென்று பார்த்தாள். அவள் காலணிகளில் தோட்டத்துச் சேறு ஒட்டியிருந்தது. அவற்றோடு அன்று இறங்க மனம் இடந்தரவில்லை. பள்ளி தொடங்கும் மணியும் அடித்துவிட்டது. மாலையில் வீட்டுக் குழாயடியில் அமர்ந்து, தூரிகையால் அடியும் இடுக்கும் தேய்த்து, வெண்மை தெரியும்வரை கழுவிக் காயவைத்தாள். பயிற்சியேதும் இன்றி மறுநாள் ஊரார் முன் இறங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. கழுவிய காலணிகளைக் கையில் பிடித்தபடி பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். பெற்றோர் நிழலில் இருந்தார்கள். தோமோயே வெயிலில், விளிம்பை ஒட்டி நின்றாள். அவள் மகள் கோஹாரு, குளத்தில் இறங்காத பிள்ளைகளுக்குரிய நீள இருக்கையில், பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருந்தாள். சிகுசா கரையில் அமர்ந்து காலணிகளை அணிந்து கயிற்றை முடிந்தாள். எழுந்து, ஷூவின் அடி கரையில் படும் ஒலி தன் காதுக்கே கூசும்படி நடந்து, விளிம்பில் நின்று நீரை வணங்கினாள். முன்னைவிடச் சற்று நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு இறங்கிப் படுத்தாள்.

கால்கள் எழுந்தன. வாழ்நாளில் முதன்முறையாக, உதைக்காமலே எழுந்தன.

அந்நேரம் பார்த்து, பிள்ளைகளின் பேச்சை அடக்கத் தலைமையாசிரியர் ஊதலை ஊதினார். ஊதல் கேட்டதும் புறப்படுவதற்கே ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்ட உடல் அவளைக் கேளாமலே புறப்பட்டுவிட்டது. தொடை துடித்து, காலணிகள் நீரை அறைந்து, கை ஒன்று தலைக்குமேல் எழுந்தது.

"டீச்சர் கெளம்பிட்டாங்க டோய்!"

"டீச்சர், அந்தப் பக்கம் யாருமே வரல, நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

பிள்ளைகளின் சிரிப்பினூடே நீர் அவள் மூக்கில் ஏறியது. முகம் உள்ளே போயிற்று. குனிஹிகோ கழியை எடுத்துவிட்டான். தோமோயே சிரிக்கவில்லை, கையெழுத்து வாங்கப் போகும் முகமாகவும் அது இல்லை, முன்பே ஒருமுறை கேட்ட செய்தியை மீண்டும் கேட்பவளின் முகமாக இருந்தது. நீருக்குள் சிகுசாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டு வீச்சில் கரையைத் தொட்டுவிடலாம். தொட்டால் தப்பலாம், வேலை போகும். அல்லது ஒன்றும் செய்யாதிருக்கலாம். உயர்த்திய கையை இறக்கினாள். உதையை நிறுத்தினாள். நெஞ்சில் மிஞ்சிய காற்றை விடாமல் வைத்தாள். நீர் அவளைச் சற்று நேரம் ஆராய்ந்ததுபோல் வைத்திருந்து, பின் முதலில் காலணிகளையும், அடுத்து முகத்தையும் வெளியே விட்டது.

அதன்பின் அவள் அசையவில்லை. காதுகள் நீருக்குள் இருந்தமையால் ஊரின் ஒலியேதும் அவளை எட்டவில்லை. தொட வேண்டிய சுவர் இல்லை. பக்கத்துத் தடத்தில் எவளும் இல்லை. வானம் மட்டும் இருந்தது. அவ்வாண்டு அக்குளத்தில் பிறந்தனவோ என்னவோ, தும்பிகள் இரண்டு அவள் கால்மேல் வட்டமிட்டு, ஒன்று காலணியின் முனையில் அமர்ந்தது. பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தனர். பிறகு சலித்து உட்கார்ந்தனர். அதன்பிறகு, ஏனென்று அறியாமலே, பேச்சை விட்டனர்.

போதும் என்ற சொல் வரவில்லை. தோமோயே பார்த்துக்கொண்டே இருந்தாள். கடந்த கோடையில் படகுக்காரர் கொண்டுவந்து தந்த காலணிகளை அவள் இன்னும் வாயிற்படியில்தான் வைத்திருந்தாள் என்பதை ஊர் அறியும். இப்போதும் நீரின்மேல் இரண்டு காலணிகள் மிதந்தன. இம்முறை அவற்றுள் கால்கள் இருந்தன. கால்களுக்கு அப்பால், மெல்ல எழுந்து தாழும் மார்பு இருந்தது.

"தோமோயே-சான்" என்றான் குனிஹிகோ, தாழ்ந்த குரலில். "மேல வரச் சொல்லவா?"

அவள் நீள இருக்கையின் பக்கம் திரும்பினாள்.

"கோஹாரு. ஷூ எங்க?"

"பையில இருக்கும்மா. கழுவித்தான் வெச்சிருக்கேன்."

"எப்பக் கழுவுன?"

"தெனமும்."

தாய் இருக்கையருகே வந்து பையைத் திறந்தாள். "போட்டுக்க" என்றாள். பிறகு குனிஹிகோவிடம், "அவங்க அப்படியே இருக்கட்டும். இவ பக்கத்துல போய்ப் படுக்கட்டும்" என்றாள்.

பதக்கங்களும் மலர்க்கொத்தும் கைதட்டலுமாய் அமைந்த ஒரு வாழ்வு, இவ்வாறு ஒரு சிற்றூர்க் குளத்தில், எங்கும் போகாத ஒரு காலைப்பொழுதில் வந்து நின்றது. அவள் எவ்வளவு நேரம் கிடந்தாள் என்பதை எவரும் அளக்கவில்லை. விரைவை அளக்கக் கருவிகள் பல உண்டு. இருந்த இடத்தில் இருந்து, அடுத்த மூச்சை எடுத்து, வருவோருக்காகக் காத்திருப்பதை அளக்க ஒன்றும் இல்லை. ஆயினும் மூழ்காதிருக்க அது போதும். அருகே நீர் மெல்ல அசைய, சிறியவை இரண்டு, பெரியவை இரண்டு என, அன்று அக்குளத்தில் நான்கு காலணிகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.