இல்லாத இருபதாயிரம் பேர்

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அறிவிப்பாளர் அம்மா ஒலிபெருக்கியில் பார்வையாளர்கள் எட்டாயிரம் என்று சொன்னார். சொன்னபடியே எட்டாயிரம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். வாசல் வழியாக யாரும் வரவில்லை. அதுவரை வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகளாக இருந்த இடத்தில் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். கார்னர் அடிக்கப் போன ஆட்டக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பந்தை நேராக விளம்பரப் பலகையில் அடித்தார். அன்று டிக்கெட் கிழித்து உள்ளே வந்தவர்கள் நானூறு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

அந்த நகரத்தில் கால்பந்துக் கழகம் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. சனிக்கிழமையானால் பெரிய மைதானத்தில் கிரிக்கெட், உள்ளரங்கத்தில் கூடைப்பந்து, ஆற்றோரச் சாலையில் கார் பந்தயம். போதாக்குறைக்கு வடக்கே பணக்காரக் கால்பந்துக் கழகம் ஒன்று. அதன் வாசலிலேயே மெட்ரோ ரயில் நிற்கும். நம் கழகத்தின் மைதானமோ மேம்பாலத்துக்கும் சோபா கிடங்குக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்தது. ரயில் அதைத் தாண்டித்தான் போகும், நிற்காது. பத்திரிகையில் கழகத்தின் செய்தி வானிலைக்குக் கீழே வரும், அதுவும் இடம் மிஞ்சினால். கூட்டமில்லாத இடத்துக்கு விளம்பரதாரர் வர மாட்டார் என்பதால், கூட்டத்தை ஊதிச் சொல்லும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. வாசல்காரர் எண்ணிச் சொல்லும் தொகையை விளம்பர மேலாளர் அன்றைய மனநிலைக்கு ஏற்பப் பெருக்கி, அறிவிப்பு அறைக்குத் தொலைபேசியில் சொல்வார். அவருக்குப் பெருக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

வந்து உட்கார்ந்த கூட்டத்தால் யாருக்கும் தொந்தரவில்லை, லாபமும் இல்லை. கை தட்ட மாட்டார்கள், கோல் விழுந்தாலும் எழ மாட்டார்கள், கடைசி விசில் ஊதியதும் இருக்க மாட்டார்கள். ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று டீக்கடைக்காரர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். மழை பெய்தால் அவர்கள் நனைவதில்லை என்பது மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. வந்த கோலமும் ஒரு தினுசு: ஒருவர் பாதி முகம் சவரம் செய்திருந்தார், ஒரு பெண் கையில் டி.வி. ரிமோட்டோடு இருந்தார். வாசல்காரர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கூட்டத்தில் தன் மச்சான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டிக்கெட் இல்லாமல் எப்படி உள்ளே வந்தான் என்ற கோபத்தில் அவனுக்கு போன் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் அசையவில்லை. கட்டில் கடையில் மனைவியோடு நின்றுகொண்டிருந்த மச்சான் போனை எடுத்தான். "மேட்சுக்கு வரலாம்னு காலையில ஒரு நிமிஷம் தோணுச்சு மச்சான். இவ விடல. உங்களுக்கு யார் சொன்னா?" வரவேண்டும் என்று நினைத்து வராமல்போனவர்கள்தான் அந்தக் கூட்டம் என்பது இப்படி ஊர்ஜிதமாயிற்று. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அறிவிப்பாளர் அம்மா மட்டும் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். சனிக்கிழமை கழகம், மற்ற நாட்களில் லிஃப்ட் கம்பெனிக்குக் குரல் கொடுப்பது. நகரத்தில் பாதிக் கட்டடங்களில் தளம் சொல்வதும் கதவு மூடுவதும் அவர் குரல்தான். ஒரே மகன் உள்ளரங்கத்தில் கூடைப்பந்து டிக்கெட் விற்கும் பிரிவில் இருந்தான். இரண்டு பேருக்கும் சனிக்கிழமைதான் வேலை, ஒரே கூட்டத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற வேலை. மகன் வாரம் தவறாமல் போன் செய்து, "அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா வர்றேம்மா" என்பான். ஏன்டா அடிக்கடி பேசுவதில்லை என்றால், "ஆஃபீஸ் லிஃப்ட்ல தினமும் உன் குரலைக் கேட்டுட்டுத்தானம்மா இருக்கேன்" என்பான். அதைச் சிரித்துக்கொண்டே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் உண்டு.

மச்சான் கதை தெரிந்த நாளிலிருந்து அவர் மகனைத் தேட ஆரம்பித்தார். ஆட்டக்காரர் முதுகிலுள்ள எண்ணைப் படிக்க வைத்திருந்த பைனாகுலரால் வரிசை வரிசையாகப் பார்த்தார். வராதது பெரிதல்ல, வேலை இருக்கும். வரவேண்டும் என்று அவன் ஒருமுறையாவது நினைத்திருந்தால் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டுமே. பார்த்தவரை இல்லை. அன்றிரவு போனில், "இன்னைக்கு வரணும்னு நெனச்சியாடா?" என்று கேட்டார். "நெனைக்காம இருப்பேனாம்மா" என்றான். பொய் என்று தெரிந்தும், சரிப்பா சாப்பிட்டுத் தூங்கு என்று வைத்துவிட்டார்.

ஆழமாக நினைத்தவர்களுக்கு முதலில் இடம் கிடைக்கிறது, எண்ணிக்கை போதாமல் லேசாக நினைத்தவர்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பெருக்கல் ஒன்பதாயிரம் என்றால் இவர் பன்னிரண்டாயிரம் என்றார். அடுத்த வாரம் பதினைந்து, அப்புறம் பதினெட்டு. பல் தேய்க்கும்போது அரைக் கணம் நினைத்தவர்களும், பேருந்து ஜன்னலில் மைதானத்தின் விளக்குக் கம்பத்தைப் பார்த்துவிட்டு மறந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாற்காலி தீர்ந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், கூரைமேல் உட்கார்ந்தார்கள். "அக்கா, நம்மகிட்ட இருக்கிற சீட்டே பதினாறாயிரம்தான். பேப்பர்ல கிழிக்கிறாங்க" என்று பெருக்கல் கெஞ்சினார். நிஜமாக டிக்கெட் வாங்கி வந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்காருவதையாவது தாங்கிக்கொள்ளலாம், கை தட்டாத ஆயிரம் பேருக்கு நடுவே ஒற்றையாகக் கை தட்ட முடியவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

கூரைமேலும் ஆள் உட்காரும் அளவுக்குக் கணக்குச் சொன்ன வாரத்தில் லீக் நிர்வாகம் விழித்துக்கொண்டது. கடைசி ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேராவது வாசல் வழியாக வரவேண்டும், இல்லாவிட்டால் உரிமம் ரத்து என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பெருக்கல் சிக்னல் சிக்னலாக நின்று இலவச டிக்கெட்டை நீட்டினார். அந்தச் சனிக்கிழமை கிரிக்கெட்டில் இறுதி ஆட்டம், உள்ளரங்கத்தில் கூடைப்பந்து அரையிறுதி. மதியத்திலிருந்து மழை வேறு. வாசல்காரர் எண்ணிச் சொன்னது நூற்று எண்பத்து மூன்று. பெருக்கல் அறிவிப்பு அறைக்குத் தொலைபேசி போட்டார். "இருபதாயிரம்னே சொல்லுங்கக்கா. கடைசி நாளு, நெறைஞ்சு இருக்கட்டும்" என்றார்.

அறிவிப்பாளர் அம்மா சொன்னார். மைதானம் நிறைந்தது. கொட்டுகிற மழையில் இருபதாயிரம் பேர் ஒரு துளி நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பைனாகுலரை எடுத்துக் கீழிருந்து கூரைவரை, கூரையிலிருந்து விளக்குக் கம்பம்வரை பார்த்தார். இத்தனை முகம் இருந்து என்ன, அந்த ஒரு முகம் இல்லை. இனித் தேடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தார். அந்த முடிவில் நெஞ்சு வலித்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஆட்டக்காரர் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் எப்படித் திருத்துவாரோ அதே குரலில், "திருத்தம். இன்றைய பார்வையாளர்கள் நூற்று எண்பத்து மூன்று பேர்" என்றார்.

இருபதாயிரம் பேரும் இல்லாமல்போனார்கள். குடைக்குள் அங்கொருவர் இங்கொருவராக ஒண்டியிருந்தவர்கள் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கை தட்டினார். பதிலுக்கு எங்கிருந்தோ இன்னொருவர் தட்டினார். தொலைபேசி அடித்தது. வாசல்காரர். "யக்கா, ஒரு ஆளு கூட. நான் கேட்டை மூடப் போகையில வந்தாரு. நூத்தி எம்பத்து நாலு."

அவர் கண்ணாடி வழியே பார்த்தார். தெற்குப் பக்கக் காலிப் படிகளில் ஒருவன் குடையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தான். கழுத்தில் கூடைப்பந்து அரங்கத்தின் அடையாள அட்டை தொங்கியது. சட்டை உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவருக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை. ஒலிவாங்கியை இரண்டு முறை போட்டு அணைத்துவிட்டு, மூன்றாவது முறைதான் பேசினார். "திருத்தம். நூற்று எண்பத்து நான்கு."

ஆட்டம் முடிந்து அறிவிப்பு அறைக்குள் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே மகன் உண்மையைச் சொன்னான். "நான் நெனைக்கவே இல்லம்மா. இன்னைக்கும் நெனைக்கல. லிஃப்ட்ல இறங்கினேன், கீழ்த்தளம்னு நீ சொன்னே, கதவு திறந்துச்சு. கால் பாட்டுக்கு வந்துருச்சு." அவர் அவன் காதோரத்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டார். "நெனச்சவங்களை எல்லாம் நான் நெறைய பாத்துட்டேன்டா" என்றார்.

கழகத்தின் உரிமம் ரத்தாயிற்று. மைதானத்தை உள்ளரங்கத்தார் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள், பெருக்கல் சோபா கிடங்கில் விற்பனைக்குச் சேர்ந்தார். மகன் அப்புறம் அம்மாவைப் பார்க்க வரவேண்டும் என்று நினைக்கத் தொடங்கினான். சனிக்கிழமை தவறாமல் மூன்றாவது மாடிச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். வெளியே மழை பெய்துகொண்டிருக்க அவன் சட்டை காய்ந்திருந்தால், அறிவிப்பாளர் அம்மா தனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ போட்டு, எதிரே உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் அவனிடம் சொல்வார். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வாசல் மிதியடியில் ஈரம் இருக்கும். அன்றைக்கு இரண்டு டம்ளர்.