ஒரு டப்பாவும் நகராது

வியாழக்கிழமை குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஆள் வரப்போகிறது, அதற்குள் கீழ்த்தளத்தைக் காலிசெய்துவிடு என்று டார்லாவுக்குப் புத்தி சொல்லாதவர் அந்தத் தெருவில் யாருமில்லை. எதிர்வீட்டு ரான்டி தன் கார் ஷெட்டையே திறந்து வைத்துவிட்டு வந்து நின்றான்.

"ரெண்டே நாள், என் ஷெட்ல கொண்டாந்து போடு டார்லா. அந்தம்மா போனதும் திருப்பி எடுத்துக்கோ."

"எதுக்குடா? திருட்டுச் சரக்கா வச்சிருக்கேன்? ஒவ்வொண்ணுக்கும் ரசீது இருக்கு. போய் வேலையப் பாரு."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அது தெரிந்தும் டார்லாவுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த ஒஹாயோ ஊரில் டயர் தொழிற்சாலையை மூடிய வருஷம், பாத்திரம் கழுவும் சோப்பைத் தலைக்குப் போட்டுக் குளித்தவள் அவள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் விலைக்குறைப்புக் கூப்பன் ஒன்றைக்கூட விட்டதில்லை. கத்தரித்து வைத்து, கடையில் தள்ளுபடி வருகிற வாரத்துக்காகக் காத்திருந்து, இரண்டையும் சேர்த்துக் காசே இல்லாத மாதிரி வாங்கிப் பத்து வருஷமாகச் சேர்த்த சரக்கு கீழே அடுக்கடுக்காக நிற்கிறது. பற்பசை, துணி சோப்பு, பீன்ஸ் டப்பா, மக்ரோனி, டாய்லெட் பேப்பர். பழையது முன்னால், புதியது பின்னால். எந்தக் கடையிலும் ஒரு தட்டை முழுசாக வழித்துக்கொண்டு வந்ததில்லை. அடுத்து வருகிறவளுக்கு இரண்டாவது விட்டுவைப்பாள். இதைப் போய்ப் பைத்தியக்காரத்தனம் என்று யாரோ ஒரு புண்ணியவான் துறைக்கு எழுதிப்போட்டிருந்தான்.

ஜோசி மட்டும் இல்லையென்றால் போடா என்று விட்டிருப்பாள். ஜோசி, டார்லாவின் தங்கை ரோன்டாவின் மகள். ஏழு வயது. ரோன்டா சிறைக்குப் போனதும் துறைக்காரர்கள் குழந்தையை முன்பின் தெரியாத இரண்டு வீடுகளில் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, ஐந்து மாதங்களுக்கு முன்புதான் பெரியம்மாவிடம் கொண்டுவந்து விட்டார்கள். இங்கேயே இருக்கலாமா, இல்லை மூன்றாவதாக ஒரு வீடா என்று அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நீதிமன்றம் சொல்லும். வருகிறவள் எழுதுவதைத்தான் நீதிபதி படிப்பார்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்குத் துறையிலிருந்து மிஸஸ் பிரேட்டர் வந்தாள். கீழ்த்தளத்துப் படியில் நின்று தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அம்மாடி! கடை மாதிரில்ல இருக்கு."

"கடையில இவ்வளவு சுத்தம் இருக்காது மேடம்."

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு? எனக்கென்னவோ இது ஒரு வியாதியாத்தான் தோணுது. பாதியக் காலி பண்ணிடுங்க. நான் நல்லபடியா எழுதிடறேன்."

"உங்க ஃபாரத்துல மொதக் கேள்வி என்ன? கொஞ்சம் படிங்க."

மிஸஸ் பிரேட்டருக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் படித்தாள். "'வீட்டில் போதிய உணவு இருக்கிறதா?'"

"இருக்குன்னு போடுங்க. எவ்வளவு இருந்தா அதிகம்னு அதுல ஏதாவது கேள்வி இருக்கா?"

"வம்பு பேசாதீங்க. இந்தப் பொண்ணு சாப்பாட்டைத் திருடி ஒளிச்சு வைக்கிறான்னு மொத ரெண்டு வீட்லயும் எழுதியிருக்காங்க."

"பசிச்ச புள்ள எடுத்து வச்சா அதுக்குப் பேரு திருட்டா?" டார்லாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். ஜோசி வந்த முதல் வாரம் தலையணை உறைக்குள் ரொட்டி, காலுறைக்குள் பாதி கடித்த பிஸ்கட். டார்லா திட்டவில்லை. கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து அடித்தட்டைக் காட்டி, இது உன்னுடையது, யாரையும் கேட்காமல் எடுக்கலாம், தீரத்தீர நிரப்புவேன் என்றாள். உன் அறையைத் துழாவமாட்டேன் என்று சத்தியமும் செய்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜோசி முதலில் போய்ப் பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.

"இப்பவும் ஒளிச்சு வைக்கிறாளா?"

"தெரியாது. நான் தேடுறதில்ல."

"நான் தேடித்தான் ஆகணும். ஒரு துண்டு ரொட்டி கிடைச்சாலும், இவ்வளவு இருந்தும் அவ பயம் போகல, இந்தக் குவியல் உங்க ஆசைக்குத்தான், அவளுக்காக இல்லன்னு எழுதுவேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பாதியக் காலி பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

டார்லா ஜோசியின் அடித்தட்டைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே தலைவலி தீரும். ஆனால் பாதித் தட்டுகள் காலியானதைப் பார்த்த அன்றைக்கே அந்தக் குழந்தை தன் பையைத் தானே கட்டி வைத்துவிடும். எத்தனை தடவை கட்டிய பை அது!

"மாட்டேன். தேடிக்கோங்க. ஆனா அவகிட்ட கேட்டுட்டுத் தேடுங்க. அது அவ ரூம்."

படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜோசி சரி என்று தலையாட்டினாள்.

ஜோசியின் அறைக்குப் போய் மிஸஸ் பிரேட்டர் மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். ஷூவுக்குள், காலுறைக்குள், கோட்டுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஒரு பொடிகூட இல்லை. கடைசியில் தலையணை உறைக்குள் கையை விட்டதும் ஏதோ சரசரத்தது. டார்லா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தது ஒரு காகிதத் துண்டு. கோணல்மாணலாகக் கத்தரித்த கூப்பன், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சாக்லேட் சீரியலுக்கு.

"இதை ஏம்மா ஒளிச்சு வச்ச?"

"ஒளிக்கல, பத்திரமா வச்சிருக்கேன்," என்றாள் ஜோசி. "அது அடுத்த மாசம் முப்பது வரைக்கும் செல்லும். தள்ளுபடி போட்டதும் நானும் பெரியம்மாவும் போய் வாங்குவோம்."

மிஸஸ் பிரேட்டர் அதிலிருந்த தேதியைப் பார்த்தாள், நீதிமன்றத் தேதி தாண்டிப் பதினெட்டு நாள். பிறகு ஜோசியைப் பார்த்தாள். டார்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"கீழ காலி பண்ற விஷயம்..." என்று இழுத்தாள் மிஸஸ் பிரேட்டர்.

"நடக்க வழி இருக்கு, வீட்டைச் சூடாக்குற கொதிகலனைச் சுத்தி இடம் இருக்கு, வேணும்னா அளந்து பாத்துக்கோங்க. அதுக்கு மேல நீங்க தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நகராது. என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கூப்பனை எடுத்த எடத்துலயே வைங்க மேடம். அது எங்க ஜோசியோடது."