மேல்பட்டையில் காயாரோகணம்

காயாரோகணம் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று, மனைவி சுடர்விழியின் கணினியை எட்டிப் பார்த்து, அவள் வரைந்த படகில் ஆளே இல்லை என்று குறை சொன்னான். நாகப்பட்டினத்தில் அப்துல் மஜீது நடத்திய அச்சகத்துக்கு அவள் வீட்டிலிருந்தே புத்தகப் பக்கங்கள் வடிவமைத்துக் கொடுத்தாள். கடற்கரை ஊர்களைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்காக, பக்கத்துக்குப் பக்கம் மேல்விளிம்பில் ஓர் அலங்காரப் பட்டை வரைந்திருந்தாள்: அலைகள், நெல்மணி அளவில் ஒரு படகு. கடைசிப் பக்கத்துப் பட்டையில் மட்டும் மணல்கரை.

“படகு தானா ஓடுதாக்கும்?”

“இத்துனூண்டு படகுல ஆளை எங்க ஏத்துறது? போயிட்டு வாங்க, உங்களையே ஏத்திடுறேன்.”

“அப்ப துண்டு இடது தோள்ல. மறந்துடாதே.”

அவன் போன படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்; அவன் உடல் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்திய மறுநாள் காலை, ஐந்தாம் பக்கத்துப் படகில் அவன் துண்டோடு நின்றான். அவள் வரையவில்லை. அடுத்த நாள் ஆறாம் பக்கத்தில் நின்றான். ஐந்தாம் பக்கத்துப் படகு பழையபடி காலி. நாளுக்கு ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்தான்.

கருமாதிக்கு நாள் குறிக்கக் கொழுந்தன் மனோகரன் வந்தபோது, அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“உங்க அண்ணன் இன்னும் கரைக்கு வரலை தம்பி. வராம எப்படிக் காரியம் பண்றது?”

மனோகரன் குனிந்து படகைப் பார்த்தான். “ஒரு இன்ஜினாவது வரைஞ்சிருக்கலாம் அண்ணி,” என்றான். ஊர்க்காரர்களிடம், அண்ணன் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டான்.

இருபத்து நாலாம் பக்கத்தில் காயாரோகணம் நின்றுபோனான். வாரம் போயிற்று, நகரவில்லை. அடுத்த பக்கம் புது அத்தியாயத்தின் தொடக்கம். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் பட்டை போடாமல் வெறுமையாக விடுவது தொழில் வழக்கம். பாபநாசத்தில் வயல்வீட்டில் பிறந்தவளுக்கு அது உடனே புரிந்தது. நடுவில் அடைத்த வாய்க்காலில் கடைமடைக்கு எதுவும் போய்ச் சேராது. எல்லா அத்தியாயத் தொடக்கங்களிலும் பட்டையை இழுத்துவிட்டாள்.

“என்னம்மா இது, தொழில் தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான்,” என்றார் மஜீது.

“சிரிக்கட்டும் பாய். தண்ணி இல்லாம அவரு எப்படி வருவாரு?”

மஜீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சரி, விடு. அவரு வந்து சேர்ந்ததும் சொல்லு, அச்சுக்கு ஏத்திக்கலாம்.”

குறுவை அறுப்பு முடியும் தறுவாயில் அவன் மணலைத் தொட்டான். அந்த வாரமே கருமாதி நடந்தது. புத்தகம் அச்சாகிச் சீர்காழி வரை போயிற்று. வாசிப்பவர் நிறுத்திய பக்கத்தில் அவன் நின்றுகொள்கிறான். அடையாளத்துக்குக் காகிதம் செருக வேண்டியதில்லை என்பதில் எல்லோருக்கும் திருப்திதான்.

புத்தகத்தின் இடப்புறப் பக்கங்களுக்கு வரைந்த பட்டையை, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வலப்புறப் பக்கங்களுக்கு வைத்திருந்தாள். அதில் படகு திரும்பியிருக்கிறது, அலை திரும்பியிருக்கிறது. துண்டு மட்டும், எந்தப் பக்கத்தில் பார்த்தாலும், இடது தோளில்தான் கிடக்கிறது.