கவர்னர் தின்ற கத்தரி

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் ஒரு மாலை, கீழ்த்தளத்து மோமார் ஜோப் கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீ ரேடியோவுக்கு நாடகம் எழுதுறவன்தானே? எனக்கு ஒரு கதை எழுதிக் கொடு. அதுல அராமே என்னைத் திட்டணும்."

"கேட்டு வாங்குற பொருளாண்ணே அது? மாடிக்கு வந்தா தானா கிடைக்குமே."

"நின்னு போச்சுடா" என்றார்.

ஜோப் அறுபது தாண்டியவர். டாக்கார் தெருக்களில் நீலமும் மஞ்சளும் பூசிய சிற்றுந்து ஓட்டி, பாதி நகரத்தின் வசவையும் காது குளிரக் கேட்டவர். அப்படிப்பட்டவர் ஒரு வசவுக்கு ஏங்கி உட்கார்ந்திருந்தது எனக்கு முதலில் சிரிப்பாகவும் பிறகு பாவமாகவும் இருந்தது. தேநீர் போடலாம் என்று எழுந்தேன். புதினா இல்லை. அது ஏன் இல்லை என்பதும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"டாக்காரின் மெதினாப் பேட்டையில், மூன்று மாடி வீட்டின் உச்சியில், கடற்காற்று மெல்ல —" வேண்டாம். கடற்காற்று வீசத் தொடங்கினால் நீங்கள் தூங்கத் தொடங்குவீர்கள்.

"அன்று சனிக்கிழமை. கயிறு அவிழ்ந்திருந்தது." அவசரம். கயிற்றின் மறுமுனையில் இருப்பவரை நான் இன்னும் அறிமுகப்படுத்தவே இல்லை.

"அராமே ந்ஜாய்க்கு மண் ஆகாது." இது நிற்கட்டும், உண்மையும்கூட. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அராமே மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருக்கிறாள், அதில் ஒரு பிடி மண் கிடையாது. மண் கனம், நனைந்தால் இன்னும் கனம், இந்தப் பழைய கூரை தாங்காது. வேர்க்கடலைத் தோலும் நெல் உமியும் கலந்து, ஓட்டைச் சட்டி, பிளந்த டயர், மீன் பெட்டி, யாரோ தூக்கிப்போட்ட குளிர்பெட்டி என்று எதிலெல்லாம் நிரப்ப முடியுமோ அதிலெல்லாம் நிரப்பி வைத்திருக்கிறாள்.

(அடைப்புக்குறிக்குள் ஒன்று. "தோட்டம்னு எழுதாதே, வீட்டுக்காரம்மா காதுல விழுந்தா வம்பு. சில சட்டிகள்னு எழுது" என்று அராமே சொல்லியிருக்கிறாள். சரி. சில சட்டிகள்.)

3

மாடியில் மூன்று பங்கு. நடுவில் என் ஒற்றை அறை. கிழக்கே அராமேயின் சில சட்டிகள். மேற்கே ஜோப்பின் கிடா. அதன் பெயர் கவர்னர். தபஸ்கி என்கிற பக்ரீத் பண்டிகைக்கு வெட்டுகிற கிடா இல்லை, லாதும் இனம். குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கண்காட்சிக்குக் கூட்டிப்போய்ப் பெருமைப்படுவதற்கென்றே வளர்க்கிற கிடா. நின்றால் என் இடுப்பு உயரம்.

(திருத்தம்: படித்துப் பார்த்த ஜோப், "இடுப்பா? கண்ணு தெரியலையா உனக்கு? நெஞ்சு வரைக்கும் வருவான்" என்கிறார். நெஞ்சு உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி முக்கியமானது. எங்கள் ஊரில் ஜோப் என்ற குடும்பப்பெயர்க்காரரும் ந்ஜாய் என்ற குடும்பப்பெயர்க்காரரும் எதிர்ப்பட்டால் கேலி செய்தே தீரவேண்டும். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் சரி. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் உள்ள உரிமை போல. வயது பார்ப்பதில்லை, கோபிக்கவும் கூடாது. நான் ஃபாய் குடும்பம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வாய் திறக்க எனக்கு உரிமை கிடையாது, காது மட்டும் உண்டு.

அராமே வேலை பார்ப்பது மருந்துக்கடையில். நாள் முழுக்க "சொல்லுங்க சார், வாங்க மேடம்" என்று பேசிப் பேசி அலுத்து வருகிறவள், மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏ ஜோப்பு! அடுப்புகூட இன்னும் பத்தலையே, அதுக்குள்ள வாசம் பிடிச்சு மேல வந்துட்டியா?"

"உன் வீட்டு வாசத்தை யாரு பிடிப்பா? ந்ஜாய் சாப்பிட்ட சட்டியில வாசம்கூட மிஞ்சாதே."

இப்படித்தான் பருவங்கள் போயின. குளிர்மாதங்களில் புதினாவும் தக்காளியும் தழைக்க, ஜோப், "மாடு மேயுற மாதிரி நீ மேயுறதுக்கா இவ்வளவும்?" என்பார். பிறகு பாலைப் பக்கமிருந்து புழுதிக்காற்று வரும். அராமே ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். "அடுத்து பவுடர் போடுவியா?" என்பார். ஏப்ரல் வெயிலுக்குச் செடிகளின் தலைக்கு மேல் கிழிந்த கொசுவலை ஏறும். "நீ சாப்பிட்டுட்டுத் தூங்கக் கட்டினதுன்னு நினைச்சேன்." ஒவ்வொன்றுக்கும் அவளிடம் இரண்டு பதில் இருக்கும். இவர்கள் சத்தத்தில் நான் எழுதாமல் விட்ட நாடகங்கள் ஏராளம், அதற்காக வருத்தமும் இல்லை.

4

இங்கே எனக்கொரு சந்தேகம். அராமே என்ற பாத்திரம் ஒரு செடிக்காக அவ்வளவு கோபப்படுவாள் என்று நீங்கள் நம்புவீர்களா? நம்பவைக்க நான் ஜஹாத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜஹாத்து என்றால் மடிப்பு மடிப்பாக, வெளிர்பச்சையில் காய்க்கிற கசப்புக் கத்தரி. சட்டியில் அதன் ஒரு துண்டாவது இல்லாவிட்டால் மீன்சோற்றை மீன்சோறு என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சந்தையில் குவிந்து கிடக்கும். ஆனால் அராமேயின் சட்டிகளில் மட்டும் அது வரவே மாட்டேன் என்றது. ஒரு வருடம் வெள்ளை ஈ. அடுத்த வருடம் புழுதிக்காற்றில் பூவெல்லாம் கொட்டிப்போயிற்று. இந்த வருடம் குளிர்பெட்டிக்குள் வைத்த ஒரே ஒரு செடி காய்த்தது! ஒரு காயை விதைக்கென்று பழுத்துச் சிவக்கும்வரை விட்டுவைத்து, மற்றவற்றைத் தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லாக் கதவையும் தட்டிச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை யாரும் உலை வைக்காதீங்க. என் செடியில காய்ச்ச ஜஹாத்து, எல்லாருக்கும் மீன்சோறு."

ஜோப் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினாள். இதை அவர் எழுதச் சொல்லவில்லை. நான் பார்த்தேன், எழுதுகிறேன்.

5

அன்று சனிக்கிழமை. கயிறு அவிழ்ந்திருந்தது. (இப்போது சரியாக இருக்கிறது.)

கவர்னர் இலை, காம்பு, காய், விதைப்பழம் எல்லாவற்றையும் தின்று, அதற்கு மேல் புதினாவையும் முடித்து, என் அறை வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அராமே வேலைவிட்டு வந்து பார்த்தாள். குளிர்பெட்டிக்குள் ஒரு குச்சி மட்டும் நின்றது.

"ஜோப்பு, உன் ஆடு என் ஜஹாத்துவைத் தின்னுடுச்சு" என்றாள். கேலி இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் அவருக்கு.

"ஒரு ந்ஜாயாவது, ஊருக்குப் பங்கு போட்டுச் சாப்பிடறதாவது! கவர்னர் அதை நம்பல. நீயே முழுங்கிடுவேன்னு முந்திக்கிட்டான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். மாடியில் அவர் ஒருவர்தான் சிரித்தார்.

அராமே அந்தக் குச்சியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் வாயிலிருந்து மருந்துக்கடைக் குரல் வந்தது.

"பரவாயில்ல சார். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சார்?"

ஜோப்பின் சிரிப்பு பாதியில் நின்றது.

6

மறுநாள் சொன்னபடி மீன்சோறு வந்தது, சந்தையில் வாங்கிய கத்தரியோடு. "சாப்பிடுங்க சார். போதலைன்னா சொல்லுங்க சார்." அவர் தொடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவர் செய்யாததில்லை. படிக்கட்டில் வழிமறித்து, "ஏ சோத்துப்பானை!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "சொல்லுங்க சார்" என்றாள். பெரிய அலுமினியச் சட்டி ஒன்று வாங்கி வந்தார். "ரொம்ப நன்றி சார்." கடைசியில், ஆட்டுப் புழுக்கையைக் கூட்டி அள்ளி, ஒரு டயர் நிறைய நிரப்பி, "உன் செடிக்கு நல்ல உரம்" என்று நீட்டினார்.

"வேண்டாம் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

அந்த டயர் மேற்கு மூலையிலேயே கிடந்தது. அன்று மாலைதான் அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

7

அவர் கேட்டபடி எழுதினேன். கதையில் அராமே திட்ட வேண்டும், அவ்வளவுதானே.

"அராமே சொன்னாள்: 'ஜோப், நீ பேராசை பிடித்த —'"

"இது திட்டா?" என்றார் ஜோப். "முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி இருக்கு."

"அராமே சொன்னாள்: 'உன் வயிறு இருக்கே —'"

"இருக்கு. அதுக்கு மேல அவ சொல்றதுல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும், சிரிச்சு. உனக்கு வரமாட்டேங்குது தம்பி."

வராது. ஒரு ஃபாய் எழுதினால் அது வெறும் வசவாகத்தான் இருக்கும். அராமேயிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். கிழக்குப் பக்கம் வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"அவர் பாவம் அராமே. ஒரு வார்த்தை திட்டிடு."

"திட்டினா சரியாப் போச்சுன்னு ஆயிடும்" என்றாள் தலை நிமிராமல். "சரியாப் போகலையே. நான் நிஜமாச் சொன்னதுகூட அந்தாளுக்குச் சிரிப்பா இருந்துச்சே, அதுதான் எனக்கு ஆறல. செடி போனா போவுது."

இதை ஜோப்பிடம் அப்படியே படித்துக் காட்டினேன். தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு, "அந்த இடத்துல நான் சிரிச்சேன்னு எழுதியிருக்கேல்ல, அதை அடிக்காதே, இருக்கட்டும்" என்றார்.

8

முடிவுகள்.

அ) ஜோப் கவர்னரை விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். (இந்தத் தாளை ஜோப் கிழித்துவிட்டார்.)

ஆ) கவர்னர் என் அறைக்குள் புகுந்து இந்தக் கைப்பிரதியைத் தின்றுவிடுகிறது. மானமுள்ள எந்த எழுத்தாளனும் இந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்கிக்கொண்டேன்.

இ) நடந்தது.

ஜூலையில் மழை வந்தது. வந்த வேகத்தில் மாடியில் கணுக்கால் தண்ணீர். மறுநாளும் பெய்தது, அதற்கடுத்த வாரமும். வெண்டை, சிவப்புப் புளிச்சை எல்லாம் திமுதிமுவென்று எழும்பின. ஒரு மாலை மழைவிட்ட நேரம், சட்டிகளில் தேங்கிய தண்ணீரைச் சாய்க்க அராமே மேலே வந்தாள். ஜோப் கவர்னருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். மேற்கு மூலையைப் பார்த்தவள், நின்றாள். போனாள். குந்தி உட்கார்ந்தாள்.

வேண்டாம் சார் என்று அவள் ஒதுக்கிய டயரில், புழுக்கைக்கு நடுவில், கொத்துக் கொத்தாக நாற்று. ஓர் இலையை விரலால் தடவினாள். சொரசொரவென்று இருந்திருக்க வேண்டும்.

"ஜஹாத்து" என்றாள், தனக்குத்தானே.

ஜோப் நாற்றைப் பார்த்தார். கவர்னரைப் பார்த்தார். அந்தப் பழம் எந்த வழியாக வந்திருக்கும் என்பது அவருக்கு மெதுவாக விளங்கியது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவள் பக்கத்தில் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குந்தினார்.

"அராமே, அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அவள் இன்னோர் இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தம் மட்டும். அவரால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும், ஜோப் அல்லவா?

"ஆனா ஒண்ணு" என்றார். "டயர் என்னுது. புழுக்கை என்னுது. பிள்ளைங்களைச் சுமந்ததும் என் கவர்னர். பயிர் எனக்குத்தான் சொந்தம்."

அராமே எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள், ஆட்டையும் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது.

9

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று மாடிக்கும் கேட்டது. அது ஒரு ந்ஜாய் ஒரு ஜோப்புக்குச் சொன்னது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்க ஃபாய் குடும்பத்தானுக்கு உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கலாம். ஒரு மாமன் மகனோ அத்தை மகளோ இல்லாமலா இருப்பீர்கள்? அவர்களிடம் சொல்ல வைத்திருக்கும் ஆகச் சிறந்ததை எடுத்துக் கீழே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அராமே சொன்னாள்: "...................................................."

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர் வயிற்றைப் பற்றி, பாட்டனாரைப் பற்றி, கொம்பு முளைத்த அவர் வாரிசைப் பற்றி. அவர் தாங்குவார், அதற்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தார். 'சார்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.