சொட்டு நின்ற குழாய்

...குழாய்ச் சத்தம் கேட்கவில்லை, அதுதான் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம், முந்தாநாள் போனில் பேசும்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் போன் இருப்பது சமையலறைச் சுவரில், கைக்கெட்டும் தூரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, அந்தக் குழாய் ஒரு வருஷமாக ஒழுகுகிறது, எந்த நாட்டில் எந்தப் போட்டிக்கு நடுவில் இருந்து கூப்பிட்டாலும் என் மனைவியின் குரலுக்குப் பின்னால் சொட், சொட் என்று அது கேட்கும், 'ஊர் உலகத்துப் பந்தையெல்லாம் புடிக்கிற கைக்கு ஒரு சொட்டுத் தண்ணிய புடிக்க வக்கில்ல' என்று சொல்லிச் சிரிப்பாள்... முந்தாநாள் அவள் சிரிக்கவில்லை, குழாயும் சொட்டவில்லை. ஒரு வருஷமாக நான் தொடாத குழாயை யார் தொட்டது? சரி, பந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கேயே கிடக்கட்டும், கோல்கீப்பருக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது.

வரமா சாபமா, யோசிக்க நேரம் கிடைப்பது... நான்கு நாளாக யோசித்து என்னத்தைக் கிழித்தோம், முதல் நாள் விடுதிச் சாப்பாட்டு அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தால் எங்கள் முகாம் வாசல், எங்கள் வேலி, எங்கள் வண்டிகள், கீழே ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது என்று எழுத்து ஓடுகிறது, எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒட்டகம், ஆளும் அவ்வளவு உயரம், கையில் ரொட்டியோடு எழுந்து நின்று 'ராணுவம்னா நாமதானே? நாம இங்க இருக்கோமே' என்றான், முதலில் எல்லோரும் சிரித்தோம், பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் படைத் தளபதி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் இந்த அணியை உண்டாக்கினார், பூட்ஸ் வாங்கித் தந்தார், தோற்றாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார், ராணுவ அணிகளுக்கு மட்டுமான இந்தக் கோப்பைக்கு எங்களை அனுப்பி வைத்ததும் அவர்தான், முகாமில் எங்களுக்குப் பெயரே தளபதியின் செல்லப்பிள்ளைகள், நேற்று வரை அது பெருமை. இன்றைக்கு அந்தப் பெயரை எவன் எந்தக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறானோ.

நான் முகாமின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், பந்து பிடிப்பது உபதொழில்தான், இருமலை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவேன், அதனால் முந்தாநாள் லைன் கிடைத்ததும் முதலில் கூப்பிட்டது என் சொந்த எக்ஸ்சேஞ்சை, என் நாற்காலியில் உட்கார்ந்து எவனோ எடுத்தான், கேட்டே இராத குரல், நான் யாரென்று சொல்வதற்கு முன்பே 'இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க, நீங்க எப்ப வர்றீங்க?' என்றான். வைத்துவிட்டேன். அப்புறம்தான் வீட்டுக்குப் போட்டேன், அவள் சொன்னாள், 'நாங்க நல்லா இருக்கோம். ஜெயிச்சுட்டே வாங்க.' இவளா? ஒவ்வொரு தடவையும் 'சீக்கிரம் தோத்துட்டு வந்து சேரு, பாப்பாவ என்னால ஒத்தையில சமாளிக்க முடியல' என்று வம்பு பண்ணுகிறவள், என்னை வாங்க போங்க என்று கூப்பிட்டதே கல்யாணத்தன்று மட்டும்தான்... ஜெயித்துக்கொண்டே இரு, இந்தப் பக்கம் வந்துவிடாதே என்கிறாளா? இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்களுக்காகச் சொன்னாளா? பாப்பாவைக் கூப்பிடு என்றேன், தூங்குகிறாள் என்றாள், அது சாயங்காலம், அந்த நேரத்தில் என் பெண் ஒருநாளும் தூங்கினதில்லை.

'மேஜர் சார், ஆளப் புடிங்க சார், ஆளப் புடிங்க!' எங்கள் இடது பின்கள ஆட்டக்காரர் நிஜமாகவே மேஜர், முகாமில் அவரைக் கண்டால் நான் சுவரோடு ஒட்டி நிற்பேன், இங்கே மரியாதையோடு காட்டுக்கத்தல் கத்தலாம், ராணுவக் கால்பந்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். வழக்கமாக முறைப்பார், இன்று தலையாட்டிவிட்டு ஓடுகிறார், பாவம், ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் தேசியகீதத்தை வாசித்தபோது அது இன்னும் எங்களுடையதுதானா என்று தெரியாமல் நாங்கள் முணுமுணுத்தோம், அவர் மட்டும் தொண்டை கிழியப் பாடினார். பிறகு வழக்கம்போல மேடையைப் பார்த்து சல்யூட், எங்கள் நாட்டுக்கென்று மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள், முந்தைய ஆட்டங்களுக்குத் தூதர் வந்தார், இன்று காலி, ஆனால் மூன்றுக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில் இருந்தது, 'தண்ணிக்குத்தான் சல்யூட்டா?' என்று ஒட்டகம் கிசுகிசுத்தான், எனக்கு அடிவயிற்றில் சிரிப்பு. இடைவேளையில் கோச் பலகையில் எதுவும் வரையவில்லை, கதவைச் சாத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார், 'இது அரையிறுதி. ஜெயிச்சா ஃபைனல் வரைக்கும் இங்க இருக்கலாம். தோத்தா நாளைக்கு காலைல ஃப்ளைட்.' எங்கே போகும் ஃப்ளைட் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நடு நாற்காலிக்கு முன்னாலிருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, யாரையும் காணோம். ஒரு கோல் போட்டோம், எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், நான் ஒற்றை ஆளாக இந்தக் கோடியில் நின்று கையைத் தூக்கினேன், தூக்கியபடியே மேடையைப் பார்த்தேன், மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சீருடை. எனக்குத் தெரியாத முகங்கள். ஆட்டம் பார்க்க வந்தவன் பந்தைப் பார்ப்பான், பந்து அந்தக் கோடியில் இருக்கிறது, இவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் இடது கம்பத்துக்கு நகர்ந்தால் மூன்று தலையும் இடதுபக்கம், வலதுக்கு வந்தால் வலதுபக்கம், கோபம் வருகிறது எனக்கு, என்னடா வேண்டும் உங்களுக்கு, இறங்கி வந்து கேளுங்களேன்... வேண்டாம் சாமி, வரவேண்டாம். ஜெயித்தால் நான் இங்கே, அவளும் பாப்பாவும் அங்கே, குழாயைச் சரிசெய்தவனோடு. தோற்றால் நாளைக்கு நானும் அங்கே, என்ன ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில்... ஒரு கோல் விட்டால் சமம், இரண்டு விட்டால் வீடு. என்னால் முடியாதா, பந்தை விடுவது என்ன பெரிய வித்தை, பிடிப்பதுதான் வித்தை, கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது... இதோ வருகிறார்கள், மேஜர் விழுந்துவிட்டார், அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் தனியாக வருகிறான், விடு, விட்டுவிடு, பாப்பா அப்பா என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிறது, விடு, அவன் அடித்துவிட்டான், மேல் மூலை, அருமையான அடி, யார் வேண்டுமானாலும் கோட்டைவிடக்கூடிய அடி... என் நெஞ்சோடு ஒட்டியபடி பந்து இருக்கிறது. நான் தரையில் கிடக்கிறேன். எப்போது தாவினேன்? என்னைக் கேட்காமல் இந்தக் கை ஏன் போயிற்று?

விசில் ஊதிவிட்டார்கள், ஜெயித்தோம், ஒட்டகம் என்னைத் தூக்கிச் சுற்றுகிறான், அழுகிறான், 'இன்னும் நாலு நாள்டா, இன்னும் நாலு நாள்' என்கிறான். ஆட்டம் முடிந்தாலும் வரிசை உண்டு, மேடையைப் பார்த்து நின்றோம், இந்த மூன்று பேருக்கு சல்யூட் வைப்பதா, வைத்தால் இவர்களை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமா, மேஜர் ஆணை கொடுப்பாரா, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயங்கி நிற்கிறார்... கண்ணோரத்தில் ஏதோ தெரிகிறது, என் கையுறை, ஆணை வருவதற்கு முன்பே என் கை நெற்றியில் இருந்தது. என்னைப் பார்த்து ஒட்டகம், அவனைப் பார்த்து மற்றவர்கள், கடைசியில்தான் மேஜர். தப்பு, தப்பு, என்ன காரியம் செய்தேன், இனி இதை எப்படி இறக்குவது.

அவர்கள் இறங்கி வந்தார்கள். வரிசையாகக் கை கொடுத்தார்கள். தொப்பியில் தளபதியின் சின்னம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், நூல் பிரித்த ஓட்டைகளோடு தெரிந்தது. நடு நாற்காலிக்காரர் என் கையைக் கையுறையோடு பிடித்துக்கொண்டு விடவில்லை, நல்ல முகம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாத முகம், 'கடைசில பிரமாதமா புடிச்சீங்க' என்றார், எக்ஸ்சேஞ்சில் என் நாற்காலியிலிருந்து பேசிய அதே குரல், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல, 'உங்க வீட்டு சமையலறைக் குழாய் ஒழுகிட்டிருந்துச்சு. அந்தச் சத்தத்துல ராத்திரி தூக்கமே வரல. நானே வாஷர் மாத்திட்டேன்' என்றார். எத்தனை ராத்திரி, நீ யார், இப்போது அங்கே அவர்களோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன், நிஜமாகவே திறந்தேன், 'ரொம்ப நன்றி சார்' என்று ஒரு குரல் கேட்டது, பணிவான, நன்றாகப் பழக்கப்பட்ட குரல், யாருடையது என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை...